லேப் அண்ணா

யூனிவர்சிட்டி பிராக்டிகல் நாள். திருச்சியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி, பொட்டல் நடுவே நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரி. இரண்டாம் மாடியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் மாணவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் ரெக்கார்டு நோட்டு. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு 555 என்ற சில்லின் எட்டுக் கால்களையும் முணுமுணுக்கிறான். "ஒண்ணு கிரவுண்டு, ரெண்டு டிரிகர், மூணு அவுட்புட், நாலு ரீசெட்..." ஐந்தில் தடுக்கி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். பக்கத்தில் இருப்பவளுக்கு அவன் முணுமுணுப்பில் தன் ஃபார்முலா மறந்துபோகிறது. முழங்கையால் ஒரு இடி. முணுமுணுப்பு உதட்டுக்குள் இறங்குகிறது.

உள்ளே 15 மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் அலையைத் திரையில் காட்டும் ஒரு சி.ஆர்.ஓ., ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர், ஒரு பவர் சப்ளை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பல லேபுகளுக்குக் கீழே ஒரு கருவிப் பட்டியல் இருக்கும். அதன் கணக்கு எளிது. 30 பேர் கொண்ட பேட்ச், ஒரு சோதனைக்கு இரண்டு பேர், ஆக முக்கியக் கருவிகளில் 15. இந்த அறையில் பதினைந்தும் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அதே நம்பருக்கு நேராக வாங்கிய தேதி, பில் எண், விலை. ஆய்வுக்குழு வரும்போது ரெஜிஸ்டரை ஒருவர் படிப்பார், பெட்டிகளை ஒருவர் எண்ணுவார். பதினைந்துக்குப் பதினைந்து. டிக் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள்.

அந்தப் பதினைந்தில் எது ஒழுங்காக ஓடும், எது அடம்பிடிக்கும் என்று எழுத ரெஜிஸ்டரில் பத்தி கிடையாது. அதெல்லாம் ஒருவர் மண்டைக்குள் இருக்கிறது. அவருடைய பதவி லேப் டெக்னீசியன். மாணவர்களுக்கு அண்ணா. தன்னைவிட இருபது வயது குறைந்த விரிவுரையாளர்களுக்கும் அண்ணாதான். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனாவும் டெஸ்டரும். படித்தது டிப்ளமோ. பேச்சு குறைவு.

எட்டரைக்கு வந்ததும் 15 சி.ஆர்.ஓ.க்களையும் போட்டுவிடுகிறார். குழாய்க்குள் இழை சூடேறித் திரையில் பச்சைக் கோடு வரக் கொஞ்ச நேரம் ஆகும். நாலாம் நம்பர் எப்போதும் கடைசி. ஏழாம் நம்பரில் இரண்டாவது சேனல் செத்து நாளாகிவிட்டது. அதில் 'சேனல் 1 மட்டும்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அவர் கையெழுத்தில். கோடு வந்ததும் ஒவ்வொன்றாகப் போய், முன்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன உலோக முனையில் புரோப்பை மாட்டுகிறார். கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள அந்த முனையில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தயாராக இருக்கும். திரையில் கட்டம் கட்டமாக அலை நிமிர்ந்து நின்றால் கருவி சரி. அலை வந்து வந்து மறைந்தால் புரோப்பில் எங்கோ அறுந்திருக்கிறது. பன்னிரண்டாம் மேசையில் வந்து வந்து மறைகிறது. பெட்டியை அவர் தொடவில்லை. புரோப்பைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்கு நடக்கிறார்.

பிறகு ஒயர். பிஸ்கட் டப்பா நிறைய ஒற்றை இழை ஒயர்த் துண்டுகள், சிவப்பும் கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாக. ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைக்கிறார். 'பீப்' என்றால் டப்பாவுக்குள் போகிறது. சத்தம் வராவிட்டால் காலடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குள் விழுகிறது. தோல் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி ஒடிந்திருக்கும். போன பேட்ச்சில் யாரோ பல்லால் கடித்துச் சீவிய ஒயர் அது. தேர்வு நடுவே இப்படி ஒரு ஒயர் கையில் சிக்கினால் மாணவனுக்கு அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் அவன் ஐ.சி.யைத்தான் திட்டுவான்.

ஐ.சி.க்கள் தனி டப்பாவில், கறுப்பு ஸ்பாஞ்சில் கால் புதைத்து வரிசையாக நிற்கின்றன. 741 என்ற ஐ.சி. சந்தைக்கு வந்தது 1968-இல், ஃபேர்சைல்டு நிறுவனத்திலிருந்து. 555-ஐ ஹான்ஸ் கேமன்சிண்ட் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தார், விற்பனைக்கு வந்தது 1972-இல். வாசலில் முணுமுணுக்கும் பையனின் அப்பாவுக்கும் இந்தச் சில்லுகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். விலை இன்று ஒன்றுக்கு ஒரு டீக்காசுதான். ஆனாலும் ஒவ்வொன்றையும் ஐ.சி. டெஸ்டரில் வைத்துப் பார்த்துத்தான் டப்பாவில் சேர்க்கிறார்.

ஒன்பதரைக்கு எக்ஸ்டர்னல் வந்துவிட்டார். வேறு கல்லூரிப் பேராசிரியர், பெரிய கண்ணாடி, அதைவிடப் பெரிய டிபன் பை. இன்டர்னலாக இருப்பது போன வருடம் வேலைக்குச் சேர்ந்த இளம் விரிவுரையாளர். கேள்விச் சீட்டுகள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவராக வந்து எடுக்கிறார்கள். எடுத்தவுடன் திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடத்துக்குப் போனபின் பார்ப்பவர்களும் உண்டு. சீட்டை எடுத்தபின் மூன்று மணி நேரம். நோக்கம், சர்க்யூட், கணக்கு எல்லாம் எழுதி, இன்டர்னலிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பொருள்கள் கைக்கு வரும்.

ஆறாம் மேசைப் பெண்ணுக்கு 555 வந்திருக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸ் அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர். கப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் இரண்டும் 4.7 கிலோ ஓம். ஃபார்முலாப்படி 1.44-ஐ இவற்றால் வகுத்துப் பார்த்தால் 1021 ஹெர்ட்ஸ் வருகிறது, கேட்டதற்குப் பக்கம்தான். லேப் அண்ணா தட்டை நீட்டுகிறார். மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்று வளையங்களைப் படித்து இரண்டு ரெசிஸ்டர்களைப் பொறுக்குகிறாள். '104' என்று அச்சடித்த வட்டக் கப்பாசிட்டர் ஒன்று. பிரெட்போர்டின் நடுப்பள்ளத்தின் மேல் ஐ.சி.யைக் கால் மடங்காமல் வைத்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்துகிறாள். ஒயர்களை உயரத் தூக்கி வளைக்காமல், போர்டோடு ஒட்டினாற்போல் சதுரமாக மடித்துச் செருகுகிறாள். பார்த்த மாத்திரத்தில் எது எங்கே போகிறது என்று தெரிகிறது. பழகிய கை.

திரையில் அலை நிற்கிறது. மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. டைம் குமிழ் 0.2 மில்லி செகண்டில் இருக்கிறது. ஒரு முழு அலை 5.3 கட்டம். 1.06 மில்லி செகண்ட், அதாவது 943 ஹெர்ட்ஸ். பென்சில் தாளின் மேல் நிற்கிறது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "ஆயிரம்னு போட்டுட்டுப் போடி." ரெக்கார்டில் எல்லாரும் போட்டிருப்பது ஆயிரம்தான். சீனியர் ரெக்கார்டிலும் ஆயிரம். அதற்கு முந்தைய சீனியர் ரெக்கார்டிலும் அதுவே. அவள் கட்டங்களை இன்னொரு தடவை எண்ணுகிறாள். 943 என்று எழுதுகிறாள்.

எக்ஸ்டர்னலின் விரல் அந்த எண்ணில் வந்து நிற்கிறது.

"கணக்குல 1021. கையில 943. ஏம்மா?"

"ரெசிஸ்டர் ரெண்டும் கோல்டு பேண்டு சார், அஞ்சு பர்சன்ட் வரைக்கும் மாறும். கப்பாசிட்டர் அதுக்கும் மேல மாறும் சார்."

"சொல்லிட்டா ஆச்சா? காட்டு."

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டர் மேசைக்கு வந்துவிட்டது. லேப் அண்ணா வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கப்பாசிட்டரைக் கழற்றி அளக்கிறாள். 0.108. எக்ஸ்டர்னல் தன் பேனாவாலேயே தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்க்கிறார். 946 வருகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். வைவாவில் அவளிடம் அதற்குமேல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

பதினொன்றாம் மேசையில் நிலைமை வேறு. பையனுக்கு 741 இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர். உள்ளே போகும் அலை பத்து மடங்காகித் தலைகீழாக வெளியே வர வேண்டும். அவன் திரையில் நேர்க்கோடு. குமிழ்களைத் திருகுகிறான், நேர்க்கோடு மேலே போகிறது, கீழே வருகிறது, கோடாகவே இருக்கிறது. நெற்றியில் வியர்வை.

"அண்ணா, ஐ.சி. போச்சு."

புதுசு ஒன்று வருகிறது. மறுபடி கோடு.

"இதுவும் போச்சுண்ணா."

மூன்றாவதும் வருகிறது. ஒன்றும் சொல்லாமல் கொடுக்கிறார். தேர்வு நேரத்தில் அவர் பொருள் கொடுக்கலாம், வழி சொல்லக் கூடாது. பையன் ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து செருகுகிறான். பவர் சப்ளையிலிருந்து வரும் ஒயர்கள் போர்டின் இடது கோடியில் இருக்கின்றன. ஐ.சி. வலது கோடியில். லேப் அண்ணா கை கட்டிக்கொண்டு பக்கத்து மேசையருகே நிற்கிறார். அவர் பார்வை ஐ.சி.மேல் இல்லை, போர்டின் விளிம்பில் ஓடும் சிவப்புக் கோட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்து ஒரே ஒரு கேள்வி.

"மீட்டர் வேணுமா தம்பி?"

பையன் விழிக்கிறான். வாங்கிக்கொள்கிறான். என்ன செய்வது என்று யோசித்து, இடது கோடியில் வைக்கிறான். 12 வோல்ட். ஐ.சி.யின் ஏழாம் காலில் வைக்கிறான். ஒன்றுமில்லை. மறுபடி இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பிறகு விளிம்போடு ஒவ்வொரு துளையாக நகர்த்திக்கொண்டே வருகிறான். பாதி வரைக்கும் 12. பாதியைத் தாண்டினால் இல்லை. மூன்று துண்டு ஒயர் கேட்டு வாங்கி, பிளஸ், மைனஸ், கிரவுண்டு மூன்றையும் நடுவில் பாலம் போட்டு இணைக்கிறான். திரையில் அலை குபீரென்று எழுகிறது, தலைகீழாக, பத்து மடங்காக. "வந்திருச்சு!" என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறான். இன்டர்னல் முறைக்கிறார். எக்ஸ்டர்னலுக்குச் சிரிப்பு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்ரோபிராசஸர் லேப், அங்கே வேறு வகுப்புக்குத் தேர்வு. இன்டெல் 1976-இல் கொண்டுவந்த 8085-ஐ நடுவில் வைத்த பயிற்சிக் கிட்டுகள். பதினாறு எண் பட்டன்கள், சில கட்டளைப் பட்டன்கள், எண் ஒளிரும் ஒரு சின்னத் திரை. சட்டைப் பையில் இருக்கும் போன் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேலை செய்யும்போது எதற்கு இந்தப் பழங்காலம் என்று கேட்காத மாணவன் இல்லை. பதில் அங்கேயே ஒரு மேசையில் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டி 4500 என்ற முகவரியில் வைக்க வேண்டும். ஒருத்தி 4100-இலிருந்து தட்டுகிறாள். 3E, 05. 06, 03. 80. அடுத்து 32, 45, 00. கடைசியில் 76, நிறுத்து. ஓடவிட்டு 4500-ஐத் திறந்து பார்க்கிறாள். 8 இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத எண். மறுபடி ஓட்டுகிறாள். அதே எண். தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். 8085 முகவரியின் பின்பாதியை முதலில் கேட்கும். 00 முன்னால், 45 பின்னால். அவள் தந்த வரிசைப்படி விடை 0045-க்குப் போனது. அங்கே இருப்பது கிட்டின் நிரந்தர நினைவகம், எழுதினால் ஏற்காது. இரண்டு பைட்டை மாற்றிப் போடுகிறாள். 08. எந்தப் பிழைச் செய்தியும் சிவப்புக் கோடும் அவளுக்கு உதவவில்லை. ஒவ்வொரு பைட்டும் அவள் விரல் வழியாகப் போனதுதான், அதனால் தப்பு எங்கே இருக்கும் என்று தேட ஒரு ஒழுங்கான பாதை இருந்தது.

மதிய இடைவேளையில் மேல் மாடி கம்ப்யூட்டர் லேப். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஏ.சி. குளிர். இங்கேதான் சிமுலேஷன் வகுப்புகள் நடக்கும். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் வெளிவந்த ஸ்பைஸ் என்ற மென்பொருளின் வம்சம்தான் இந்தக் கணினிகளில் ஓடுவது. காலையில் கீழே கட்டிய அதே 555 சர்க்யூட்டை ஒரு மாணவன் மவுஸால் இழுத்து இழுத்து வைக்கிறான். நாலு நிமிடம். ஓட்டினால் சொன்ன சொல் மாறாமல் கணக்குப்படியே அலை வருகிறது. ரெசிஸ்டரை மாற்றினால் கண நேரத்தில் அலை மாறுகிறது. ஐம்பது மதிப்புகளை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கீழே அதற்கு ஒரு வாரம் வேண்டும். எதுவும் கருகாது, எதற்கும் பில் போட வேண்டாம். கொரோனா அடைப்பில் லேப் பூட்டிக் கிடந்தபோது கைகொடுத்ததும் இப்படிப்பட்ட சிமுலேஷன்தான். மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் தளமும் அப்போது பல வீடுகளில் திறந்திருந்தது. ஆனால் இங்கே 104 என்றால் 0.1தான். டாலரன்ஸ் இத்தனை என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் அது 0.108 ஆகும். ஒயர் அறுவதில்லை, போர்டு பாதியில் நிற்பதில்லை. கொரோனா முடிந்து கல்லூரி திறந்தபோது வந்த பேட்ச்சைப் பற்றி லேப் அண்ணாவிடம் ஒரு வாக்கியம் உண்டு. "கணக்கெல்லாம் கரெக்டா போடுவாங்க. ஒயர் சீவச் சொன்னா, எந்தப் பக்கம்னு கேப்பாங்க."

சாயங்காலம் நாலரை. இரண்டாவது பேட்ச்சும் முடிந்துவிட்டது. எக்ஸ்டர்னல் மதிப்பெண் தாள்களை உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்திட்டுக் கிளம்பிவிட்டார். லேப் அண்ணா மேசை மேசையாகப் போய்ப் பவர் சப்ளைகளின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறார். மறுநாள் வருகிறவன் பார்க்காமல் சுவிட்சைப் போட்டால் ஐ.சி. தப்பிக்க வேண்டுமே. ஒரு நோட்டில் அன்றைய சேதாரம். புரோப் ஒன்று, ஃபியூஸ் இரண்டு, 555 ஒன்று. பையன் போச்சு போச்சு என்ற இரண்டு 741-ஐயும் டெஸ்டரில் வைத்துப் பார்க்கிறார். இரண்டும் நல்ல உயிரோடு இருக்கின்றன. ஸ்பாஞ்சுக்குத் திரும்புகின்றன.

இன்டர்னல் மேடம் ஒரு ஃபைலோடு வருகிறார். அடுத்த கல்வியாண்டுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதித் தர நாளைதான் கடைசி நாள்.

"அண்ணா, அந்தப் பதினொண்ணாம் டேபிள் பிரெட்போர்டைக் கண்டெம் பண்ணி, புதுசா எழுதிடவா? பவரே போகலன்னானே."

அவர் போர்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுகிறார். விளிம்பில் ஓடும் சிவப்புக் கோடு நடுவில் ஒரு நகக்கண் அளவு விட்டுவிட்டுத் தொடர்கிறது. நீலக் கோடும் அப்படியே.

"போர்டு நல்ல போர்டு மேடம். கம்பெனியிலயே அப்படித்தான் வரும், ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற வோல்டேஜ் கொடுக்கிறதுக்கு. கோட்டை விட்டு வரைஞ்சிருக்கான் பாருங்க."

மேடம் போர்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நாலு வருடப் படிப்பு, இரண்டு வருட எம்.இ. அந்த இடைவெளியை இப்போதுதான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிகிறது. அதை மறைக்கவும் இல்லை.

"சரி, போர்டு வேணாம். ஹெச்.ஓ.டி. டிஜிட்டல் சி.ஆர்.ஓ. அஞ்சு போடச் சொன்னாரு."

"போடுங்க மேடம். நல்லது. அலையை நிறுத்தி வெச்சே அளக்கலாம், பசங்களுக்கு ஆசையா இருக்கும். கூடவே புரோப் எழுதுங்க. அப்புறம் ஒயர்."

"புரோப், ஒயரெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்ல யாருண்ணா பார்க்கிறாங்க?"

"அவங்க பார்க்க மாட்டாங்க. இன்னிக்கு காலையில பன்னிரண்டாம் டேபிள் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு மேடம், புரோப்தான் இல்ல. என் அலமாரியில ஒண்ணு இருந்ததால ஓடிச்சு. அதுதான் கடைசி."

மேடம் எழுதுகிறார். டிஜிட்டல் சி.ஆர்.ஓ. 5. அடுத்த வரியில் புரோப். அளவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது.

"தேவையான அளவுன்னு போட்டுடவா?"

"ஐயோ, அப்படிப் போடாதீங்க மேடம். போன வருஷம் அப்படித்தான் போட்டோம். அக்கவுன்ட்ஸ்ல அதுக்குக் கணக்கு பூஜ்யம். நாப்பதுன்னு நம்பர் போடுங்க, இருபது வரும்."